எட்டரை மணி காலி

மே 29, வெள்ளி

‘வேலிக்கு வெளியே ஒரு மல்லி’ ஒருவழியாக இன்று முடிந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது எபிசோடு அழுதவள் கடைசி நிமிடத்தில் சிரித்தாள். நான் எழுந்து நின்று கைதட்டினேன். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“நெசமாவே முடிஞ்சிருச்சா?” என்று என்னைக் கேட்டாள், ஏதோ நான்தான் கதை எழுதியதுபோல.

“நெசமாத்தாம்மா. இனிமே மல்லியும் கிடையாது, வேலியும் கிடையாது. எட்டரை மணி காலி.”

அப்பா வழக்கம்போலக் குளியலறையில். எட்டு இருபத்தைந்துக்கு உள்ளே போனால் ஒன்பதுக்குத்தான் வெளியே வருவார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, யானையைக் குளிப்பாட்டுகிற சத்தத்தில் குளிப்பார்.

எட்டரை மணியின் அருமை இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். ‘பேய் வீட்டில் ஏழு பேர்’ எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை. எனக்கு ஒதுக்கிய நேரம் ஒன்பதுக்குத்தான் ஆரம்பம். இரண்டு மாதமாகப் பின்பாதி மட்டும் பார்க்கிறேன். நான் போய்ச் சேரும்போது ஒருத்தர் அலறி முடித்திருப்பார். எதற்கு அலறினார் என்று மறுநாள் என் தோழி நஸ்ரினைக் கேட்க வேண்டியிருக்கிறது. இது ஒரு பிழைப்பா?

மே 31, ஞாயிறு

எங்கள் வீட்டு மாமன்றக் கூட்டம் நடந்தது.

பின்னாளில் இந்த டைரியைக் கண்டெடுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு குறிப்பு. என் அப்பா குருநாதன், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். அவர் கையெழுத்துப் போட்டு விசில் ஊதினால்தான் வண்டி நகரும். அந்த வியாதியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறது. எந்தக் கிழமை, எந்த மணிக்கு, டி.வி.யில் என்ன ஓடும், அது யாருடைய நேரம் என்று கோடு போட்டு எழுதியிருக்கும். புது நிகழ்ச்சி எதையாவது சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு நாள் வெள்ளோட்டம். பிறகு எல்லாரும் கையெழுத்துப் போட்டால் பெர்மிட். ஒருத்தர் போடாவிட்டாலும் வண்டி ஷெட்டுக்குத்தான்.

கையெழுத்துக்கு நான்கு கட்டம். நான்காவதை அக்டோபரில் அப்பா கறுப்பு மையால் அடித்துவிட்டார். அதனால் இப்போது மூன்று பேர். முன்னாள் உறுப்பினரைப் பற்றி இந்த வீட்டில் பேசத் தடை. நானும் பேசப்போவதில்லை. எனக்கு என்ன வந்தது?

நான்: “எட்டரைக்கு ‘பேய் வீட்டில் ஏழு பேர்’.”

அம்மா: “அய்ய. சாப்பிடுற நேரத்துல அலறலா?”

நான்: “மல்லி மட்டும் தாலாட்டா பாடுனா?”

அப்பா: “வேணி, அவை நாகரிகம்.”

அம்மா புது சீரியலாக நான்கு பெயர் கொடுத்தாள். நான்கு சேனல், நான்கு கதை. எல்லாவற்றிலும் ஒரு மாமியார், ஒரு மாடிப்படி. படியிலிருந்து யாராவது விழுவார்கள். சீரியல் இல்லை இது, சீரழியல். அப்பா நான்கையும் வரிசையாக எழுதி, வெள்ளோட்டத் தேதி போட்டார். எனக்கு ஜூன் கடைசியில்தான் முறை.

ஜூன் 2, செவ்வாய்

‘நாத்தனார் நீதிமன்றம்’, இரண்டாம் நாள் வெள்ளோட்டம். எட்டு நாற்பத்திரண்டுக்கு முதல் விளம்பரம் வந்தது. அம்மா தன் பட்டன் போனை ஒருதடவை பார்த்தாள். அதை மடியில் வைத்தாள்.

“இது வேணாம்.”

“ஏம்மா? நல்லாத்தானே சண்டை போடுறாங்க.”

“வேணாம்னா வேணாம்.”

இரண்டு நாள் வாழ்க்கை வீண்.

ஜூன் 4, வியாழன்

‘குங்குமக் கூண்டு’. விளம்பரம். போன். “இது வேணாம்.” இந்த வீட்டில் அம்மாவிடம் இருப்பதுதான் உண்மையான வீட்டோ அதிகாரம்.

ஜூன் 6, சனி

மூன்றாவது சீரியலும் காலி. கோபத்தில் பழைய ஆயுதத்தை எடுத்தேன். முன்னாள் உறுப்பினர் விட்டுப்போன போன் ஒன்று என்னிடம் இருக்கிறது. சிம் கிடையாது. ஆனால் அதை டி.வி. ரிமோட்டாக மாற்றலாம். போர்வைக்குள் வைத்து அழுத்தினால், அப்பா பார்க்கும் செய்தி திடீரென்று சமையலாகிவிடும். இன்று அமைச்சர் பேட்டி நடுவில் மூன்று தடவை மீன் குழம்பு கொதித்தது. அப்பா செட்டாப் பாக்ஸை நாலு அடி அடித்தார், கேபிள்காரரை நாலு திட்டுத் திட்டினார்.

முன்பெல்லாம் இதில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டு. சிரிப்பை அடக்கமுடியாமல் அவள்தான் எப்போதும் மாட்டிவிடுவாள். மூக்கால் ஒரு சிரிப்பு, குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அப்படி. இப்போது மாட்டிவிட ஆள் இல்லாததால் வேலை சுத்தமாக நடக்கிறது. நல்லதுதான்.

ஜூன் 7, ஞாயிறு

துப்பறிந்துவிட்டேன்!

அம்மா கதையைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்க்கிறாள். இன்று அவள் மாவரைக்கும்போது அந்தப் போனை எடுத்துக் குடைந்தேன். மே மாதம் முழுக்க தினமும் எட்டு முப்பத்தொன்றுக்கு ஒரு மிஸ்டு கால். பெயர்: ‘கேஸ்’. மல்லியின் டைட்டில் பாட்டு ஓடுகிற நேரம். மல்லி முடிந்த நாளோடு கேஸும் நின்றுவிட்டது.

தினம் ஒரு மிஸ்டு கால் கொடுக்கிற கேஸ் ஏஜென்சி உலகத்தில் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே சிலிண்டர். ஏதோ போட்டி போலிருக்கிறது, சீரியல் பார்த்தால் கேஸ் அடுப்பு பரிசு மாதிரி. அம்மா அதற்கு மயங்கக்கூடிய ஆள்தான்.

நான் அதற்கு மேல் யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முக்கியம் என்னவென்றால், கேஸ் கூப்பிட்டால் அம்மா அந்த நிகழ்ச்சிக்குக் கையெழுத்துப் போடுவாள். அப்படியானால் ‘பேய் வீட்டில் ஏழு பேர்’ ஓடும்போது கேஸ் கூப்பிட வேண்டும். அவ்வளவுதானே?

ஜூன் 8, திங்கள்

அம்மா போனில் ‘கேஸ்’ என்ற பெயருக்குள் இருந்த நம்பரை அழித்துவிட்டு, நஸ்ரின் நம்பரைப் போட்டேன். தடயம் இருக்கக் கூடாதென்று கால் பட்டியலையும் துடைத்தேன். அரை நிமிட வேலை. நான்காவது சீரியலும் இன்று நிராகரிக்கப்பட்டது. ஜூன் கடைசி வரை எட்டரை சும்மா கிடக்கிறதே என்று கெஞ்சி, வியாழக்கிழமை என் பேய்க்கு வெள்ளோட்டம் வாங்கிவிட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

நஸ்ரின் போனில் ரீசார்ஜ் முடிந்துவிட்டதாம். “வாப்பா நாளைக்குப் போட்டுத் தருவாங்க” என்கிறாள். கூட்டாளிகள் எல்லாரும் இப்படித்தான்.

ஜூன் 10, புதன்

சாயங்காலம் ஆறு பத்துக்கு அம்மா தெருக்குழாயில் இருந்தாள். போன் அடித்தது. பெயர் இல்லாத நம்பர். இந்த நேரத்தில் லோன் வேண்டுமா என்று கேட்பவர்கள்தான் கூப்பிடுவார்கள். விடுவேனா? இரண்டாவது ரிங்கிலேயே எடுத்து, தொண்டையை இறுக்கிக்கொண்டு ஆரம்பித்தேன்:

“வணக்கம். பேய் வீட்டிலிருந்து பேசுகிறோம். இங்கே ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறோம். ஒரு இடம் காலியாக இருக்கிறது. வருகிறீர்களா? படுக்கை வசதி உண்டு.”

எதிர்முனையில் பின்னால் ஏதோ கேன்டீன் சத்தம், தட்டுச் சத்தம். திடீரென்று லோன்காரி சிரித்தாள். மூக்கால். உடனே கட் பண்ணிவிட்டாள்.

யாரோ மாதிரி சிரித்தாள். ராத்திரி வெங்காயம் நறுக்கினேன். கண் எரிகிறது.

ஜூன் 11, வியாழன்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

எட்டரை. டி.வி.யில் பேய் வீடு. அப்பா குளியலறையில். சரியாக எட்டு முப்பத்தொன்றுக்கு நஸ்ரின் கடமையைச் செய்தாள். ‘கேஸ்’ என்று மின்னியதும் அம்மா முகம் மாறியது. பத்து நாளாக எங்கேயோ போயிருந்த முகம் திரும்பி வந்த மாதிரி. ஆகா, கையெழுத்து வந்தாச்சு என்று பேனாவைத் தேடினேன்.

மூன்றாவது ரிங் முடிந்தது. அம்மா ‘போதும்’ என்பதுபோலத் தலையாட்டினாள். நான்காவது அடித்தது. அம்மாவின் தலை நின்றது. ஐந்தாவது அடித்தபோது போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கட்டாகிவிட்டது.

“அஞ்சு ரிங்” என்றாள்.

“அஞ்சு அடிச்சா என்னம்மா?”

“மூணுதானடி? மூணுன்னாத்தான நல்லா இருக்கேன்னு அர்த்தம்? அஞ்சு எதுக்கு அடிக்கிறா?”

வெளியூர் போனால், போய்ச் சேர்ந்ததும் மூன்று ரிங் விட்டுக் கட் பண்ண வேண்டும். இது அப்பா போட்ட சட்டம். அக்காவும் நானும் பால்வாடி காலத்திலிருந்து பின்பற்றுகிற சட்டம்.

அக்கா. சரி, எழுதிவிட்டேன். அவள் பெயர் தமயந்தி. ஆயுத பூஜைக்கு மறுவாரம், அவள் காதலித்த எட்வின் அண்ணனோடு ஓசூர் போய்விட்டாள். அவள் ஏறிய காலை எட்டரை வண்டிக்கு விசில் ஊதி அனுப்பியவரே அப்பாதான். உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்கு அப்போது தெரியாது. அந்த ராத்திரியே, இனி அவளோடு ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கினார். அம்மா அடித்துச் சத்தியம் செய்தது என் தலையில். என் தலையை யாரைக் கேட்டு எடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குப் பதில் வரவில்லை.

பேசினால்தானே குற்றம்? மூன்று ரிங் அடித்து நின்றால் அதில் பேச்சு ஏது? இப்படித்தான் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறார்கள் இரண்டு பேரும். மல்லியோடு ரிங்கும் நின்றதால், அக்கா இப்போது எந்த சீரியலுக்கு மாறினாள் என்றுதான் அம்மா ஒவ்வொன்றாகத் தேடியிருக்கிறாள். நான் கேஸ் அடுப்புப் போட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நினைத்துக்கொண்டிருக்க விரும்பினேன்.

அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

“நீ பேசுடி வேணி. நீ சத்தியம் பண்ணலேல்ல? அவளுக்கு என்னமோ ஆயிருச்சு. என்னன்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”

டி.வி.யில் முதல் பாதிக்காரர் அலறினார். எதற்கென்று நான் பார்க்கவில்லை.

“அம்மா, அது அவ இல்ல.”

“பின்ன யாரு?”

“நஸ்ரின்.”

எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.

“பழைய நம்பர் எங்கடி?” என்று மட்டும் கேட்டாள்.

“அழிச்சிட்டேன்.”

குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை. அம்மா இன்று சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை, ஆனால் என்னை யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

விடிந்ததும் மூளை வேலை செய்தது. லோன்காரி! மூக்குச் சிரிப்பு! போனைப் பிடுங்கிப் பார்த்தேன். ஜூன் 10, ஆறு பத்து. பெயர் இல்லாத நம்பர். நேற்றும் அதே ஆறு பத்துக்கு ஒன்று. நான் நஸ்ரின் வீட்டில் நிகழ்ச்சி ஏற்பாட்டில் இருந்தபோது வந்திருக்கிறது. அம்மா அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, லோன்காரன் என்று விட்டுவிட்டாள்.

அந்த நம்பரை மறுபடி ‘கேஸ்’ ஆக்கினேன்.

“இது நிச்சயமா அவதானா?”

“அம்மா, அந்தச் சிரிப்ப நான் தூக்கத்துலயும் கண்டுபிடிப்பேன்.”

“கூப்பிடவா?” என்றேன். அம்மா யோசித்தாள். “வேணாம். நாம கூப்பிட்டா அவ பயந்துருவா, அப்பாவோன்னு. ஆறு பத்துக்கு அவளே அடிப்பா.”

ஆறு மணியிலிருந்து இருவரும் போனைச் சுற்றி உட்கார்ந்தோம், முட்டையை அடைகாப்பதுபோல. ஆறு பத்து. ஆறு பதினைந்து. ஏழு. வரவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பேய் வீடு, இடம் காலி என்று ஓசூரில் வேலை பார்த்துக் களைத்தவளிடம் பேசியது யார்? அவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? ‘நீ இல்லாததை வைத்து விளையாடுகிறோம்’ என்றா? நான் லோன்காரியிடம்தான் பேசினேன். அதை யார் நம்புவார்கள்?

எட்டரைக்கு இன்னொரு விசித்திரம். அப்பா குளிக்கப் போகவில்லை. அணைத்துக் கிடந்த டி.வி. முன்னால் உட்கார்ந்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்கு சாயந்தரம் அவசரக் கூட்டம்” என்றார். “ஆறு மணிக்கு.”

“ஆறு மணிக்கு உங்களுக்கு ட்யூட்டிப்பா.”

“பெர்மிஷன் போடுறேன்.”

இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் போடும் முதல் பெர்மிஷன். செத்தேன்.

ஜூன் 13, சனி

ஐந்து நாற்பத்தைந்துக்கே அப்பா வந்துவிட்டார். காக்கிச் சட்டைகூடக் கழற்றவில்லை. விசில் கயிறு பாக்கெட்டில் தொங்கியது. ஃபிரிட்ஜிலிருந்து அட்டவணையைப் பிய்த்து, தரையில் விரித்து, ஸ்கேல் வைத்தார்.

“எட்டரைக்கு எதைப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல” என்றார் அம்மாவிடம். “இந்த மாசம் அவளுக்கு பி ஷிஃப்ட். ரெண்டுல இருந்து பத்தரை வரைக்கும். எட்டரைக்கு மிஷின்ல நிப்பா. ஆறு பத்துக்குத்தான் டீக்கு விடுவாங்க. அந்நேரம் அடிக்கலாமான்னு பத்து நாளாத் தயங்கிட்டு இருந்திருக்கா.”

அம்மா வாயைத் திறந்தாள். நான் முந்திக்கொண்டேன்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஓசூர் வண்டி கண்டக்டர் சொல்வான். வெள்ளிக்கிழமை அவளுக்கு லீவு. சாயந்தரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நம்ம ஊரு வண்டியத் தேடிப் பிடிச்சு, அவன்கிட்ட நாலு வார்த்தை விசாரிச்சிட்டுப் போவா. அவன் வந்து ஒப்பிப்பான். நானா கேக்க மாட்டேன். அவனாச் சொல்வான்.”

நேற்று வெள்ளிக்கிழமை. அதுதான் ஆறு பத்துக்கு அடிக்கவில்லை!

“அப்போ மூணு ரிங்…” என்றாள் அம்மா.

“தினம் எட்டு இருபத்தஞ்சுக்கு நான் எதுக்குக் குளிக்கப் போனேன்? அழுக்குப் போகவா? எட்டு மாசத்துல ரெண்டு தடவை சளி புடிச்சிருச்சு. குழாயத் திறந்து விட்டாலும் மூணு ரிங் கேக்கத்தான் செய்யும். எண்ணிட்டு, அப்புறந்தான் சோப்புப் போடுவேன்.” தலையைக் குனிந்து ஸ்கேலைத் துடைத்தார். “முந்தாநாள் அஞ்சு அடிச்சுது. எனக்கும் கை கால் ஓடல.”

பிறகு என்னைப் பார்த்தார்.

“இந்தா வேணி. நேத்து அவ கண்டக்டர்கிட்ட ஒண்ணு கேட்டு விட்டுருக்கா. காலையில வந்து சொன்னான். ‘தங்கச்சி குரல் கேட்டேன், மூணு பேரு இருக்கோம், வீட்ல ஒரு இடம் காலியா இருக்குன்னு சொன்னா, அது வெளையாட்டா, நெசமா, அப்பாகிட்ட கேளுங்கண்ணே’ன்னாளாம். நீ என்ன சொன்ன?”

அட்டவணையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே சொன்னேன்:

“வெளையாட்டாத்தான் சொன்னேன்ப்பா. ஆனா நெசந்தான?”

அப்பா மணிக்கட்டைத் திருப்பி வாட்சைப் பார்த்தார். ஆறு எட்டு. ஆறு பத்து. பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோலவே உட்கார்ந்திருந்தார், முதுகு வளையாமல். ஆறு பன்னிரண்டு. அம்மாவின் உதடு எதையோ முணுமுணுத்தது.

அடித்தது. ஒன்று.

அம்மா கையை நீட்டி, என் தலையைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டாள். இரண்டு.

“சத்தியம் பண்ணது நீ” என்றார் அப்பா. “நான் யாருக்கும் பண்ணித் தரல.” மூன்று ஆரம்பிப்பதற்குள் எடுத்துவிட்டார். காதில் வைத்தார். அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் எனக்கே கேட்டது.

“ரெண்டு நிமிஷம் லேட்டு” என்றார் அப்பா.

அந்தப் பக்கம் ஒரு விம்மல்.

“ம். ம். அழாத. டீ ஆறிரும்.” ஸ்கேலை மறுபடி கையில் எடுத்தார். “காலியாத்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் இடம் இருக்கு. வெள்ளிக்கிழமை நம்ம வண்டிலயே ஏறி வாங்க. நான் ட்யூட்டில இருப்பேன்.”

போனை என்னிடம் தந்துவிட்டு அட்டவணையில் கோடு போட ஆரம்பித்தார். கோடு நேராக வரவில்லை. நான் ஸ்பீக்கரைப் போட்டேன்.

“வேணி,” அம்மா என்னைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள், “அவ சாப்பிட்டாளான்னு கேளு! ஏன் எளச்சிட்டான்னு கேளு!”

“எளச்சது உனக்கெப்படித் தெரியும்?”

“குரல்லயே தெரியுது. கேளுடி!”

“அக்கா, ஒரு பெண்மணி உன்கிட்ட பேசாம உன்னப் பத்தி விசாரிக்கிறாங்க…”

மூக்கால் சிரித்தாள். பத்து நிமிட டீ இடைவேளை முழுவதும் அம்மா அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னோடுதான் பேசினாள். என் தலை பத்திரமாக இருக்கிறது.

புது அட்டவணை ஒட்டியாகிவிட்டது. வெள்ளி தவிர எல்லா நாளும் 6.10: ஓசூர். வெள்ளோட்டம் தேவையில்லை என்று பக்கத்தில் அப்பா கையெழுத்து. கையெழுத்துக் கட்டம் இப்போது ஐந்து. 8.30: ‘பேய் வீட்டில் ஏழு பேர்’, முழுசாக. அம்மா எதிர்ப்பில்லாமல் கையெழுத்துப் போட்டாள்.

முதல் பாதியை இன்று கடைசியில் பார்த்துவிட்டேன். படு மொக்கை. இதற்காகவா இவ்வளவு பாடு?

அப்பா எட்டு இருபத்தைந்துக்குக் குளிக்கப் போகவில்லை. காக்கிச் சட்டையோடு, பஸ் ஸ்டாண்டின் மொத்த வியர்வையோடு, எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து ஒன்பதரை வரை பேய் பார்த்தார். மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.